கண்மட்டத்து ஆள்

மீனச்சிலாறு ஒரு மதியம் முழுக்க ஓடாமல் நின்றது. காரணம், இட்டூப்பு அதை வரைந்துகொண்டிருந்தார். இதை அவரே சொல்வார், கப்பைக் கிழங்கைப் பிட்டு மீன் குழம்பில் தோய்த்தபடி, கொஞ்சமும் கூசாமல். படம் முடிகிறவரை ஆறு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதாம். மீன்களெல்லாம் கல்யாண போட்டோவுக்கு நிற்பது போலக் குட்டை முன்னால் நெட்டை பின்னால் என்று வரிசை கட்டினவாம். அவர் பென்சிலைச் சட்டைப் பையில் செருகிய பிறகுதான் தண்ணீருக்குப் போக உத்தரவு கிடைத்ததாம்.

"நான் வரைஞ்சா, வரைஞ்ச எடத்தைவிட்டு எதுவும் நகராது" என்பார். பாலா ஊர்க் கடைத்தெருவே தலையாட்டிச் சிரிக்கும். தலையாட்டாத ஒரே ஜீவன் அவர் மனைவி அச்சாம்மா.

"அன்னைக்கு அதே ஆத்துல நான் துணி அலசிட்டிருந்தேன். உங்க வேட்டி ஒண்ணு வெள்ளத்தோட போச்சு. ஆறு நின்னிருந்தா வேட்டி எப்படி மனுஷா போகும்?"

இட்டூப்பு அரசாங்கத்தில் பாலங்கள் வரைகிற அலுவலகத்தில் வேலை பார்த்தவர். சாய்ந்த பலகைக்கு முன் நின்றுகொண்டே ஆயுளைக் கழித்தவர். பாலம் எவ்வளவு பெரிசு என்று பார்க்கிறவனுக்குப் புரிய வேண்டுமே, அதற்காக ஒவ்வொரு பாலத்தின் பக்கத்திலும் பொடியாக ஓர் ஆளை நிறுத்துவார். அளவுக்கு ஆள். தலைக்கு ஒரு புள்ளி, உடம்புக்கு இரண்டு கோடு. முகம் கிடையாது. அவர் அப்படி நிறுத்தி வைத்த ஆட்களை எல்லாம் கூட்டினால் ஒரு சட்டசபைத் தொகுதியே தேறும், ஓட்டுப் போட விரல் மட்டும் இருக்காது.

பிறகு பக்கவாதம் வந்தது. வலது கை பிழிந்து போட்ட துணி மாதிரி மடியில் கிடந்தது. காப்பி டம்ளரை இடது கையால் பிடித்து, நாடியில் ஊற்றிக்கொண்டு, பேசாமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஆளாகிப் போனார். கை போய்விட்டால், தான் இந்த வீட்டில் சோறு தின்கிற ஒரு வாய் மட்டுந்தான் என்ற நினைப்பு அவரை உள்ளுக்குள் அரித்தது. விரல்கள் கொஞ்சம் அசைய ஆரம்பித்ததும், தினமும் ஏதாவது வரையுங்கள், ஒரு நாளும் விடாதீர்கள், விட்டால் கை மறுபடி தூங்கிவிடும் என்று டாக்டர் சொன்னார்.

தையல் கடை வைத்திருக்கும் ஷைனி, வரைகிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்திவந்தாள். அதில் அவரைச் சேர்த்தாள். விதி எளிது. கண்ணுக்கு முன்னால் இருப்பதை மட்டும் வரைய வேண்டும். அந்தி ஜெபத்துக்கு முன் படத்தைக் குழுவில் போட வேண்டும். கோணலானாலும் போட வேண்டும்.

அவர் வாசல் திண்ணையான சிட்டவுட்டில் தாழ்வான பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து, முழங்காலில் பலகை வைத்து, எதிரே இருந்த ரப்பர் தோட்டத்தை வரைந்தார். முதல் படங்களில் மரங்கள் எண்ணெயில் உதிர்ந்த முறுக்கு மாதிரி வந்தன.

"சேட்டா, இது தோட்டமா, எங்க அம்மாவோட எக்ஸ்ரேயா?" என்று ஆட்டோ ஓட்டும் தாமஸ்குட்டி எழுதினான். ஆனால் கீழே ஒரு சிவப்பு இதயமும் போட்டான். அந்த இதயங்களுக்காக இட்டூப்பு ராத்திரிச் சாப்பாடுவரை போனை மடியில் வைத்துக்கொண்டு, முட்டை பொரியக் காத்திருக்கும் கோழியாக உட்கார்ந்திருப்பார்.

மழைக்காலம் பிடித்துக்கொண்டது. மத்தியானமே விளக்கு கேட்கிற இருட்டு. மரங்களின் இடுப்பில் மழைக்காகக் கட்டிய கறுப்பு பிளாஸ்டிக் பாவாடைகளின் மேல் சொட்டுச் சொட்டாக விழுகிற ஓசை, தூரத்தில் யாரோ விரலால் மேசையைத் தட்டிக்கொண்டே இருப்பது போல, இலைக்கூரைக்கு அடியில் எங்கும் பரவி நின்றது. சிரட்டைகளில் நின்று புளித்த ரப்பர் பாலின் வாடையும், ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் அறையின் பழைய புகை வாடையும் சேர்ந்து மூக்கில் ஒட்டின. அன்று கை நன்றாக ஓடியது. மர வரிசைகள் நேராகப் போய் தோட்டத்தின் கடைசியில் உள்ள கல்கட்டு மதிலில் முடிந்தன. அந்த இடம் வெறிச்சென்று இருந்தது. கை பழைய வழக்கத்தில், அவரைக் கேட்காமலே, அங்கே ஓர் ஆளை நிறுத்தியது.

இதயங்கள் கொட்டின. ஷைனி மட்டும் எழுதினாள்: "ரொம்ப நல்லா வந்திருக்கு சேட்டா. ஆனா அந்த ஆள் குழிக்குள்ள நிக்கிறானா?"

பார்த்தார். அவள் சொன்னது சரி. நின்றுகொண்டு வரைகிறவனுக்கு, சமதரையில் நிற்கிற எல்லார் தலையும் அவன் கண்மட்டத்திலேயே வரும். கொடியில் துணி காயப் போடுவது போல அந்தக் கோட்டில் தலைகளை வரிசையாகத் தொங்கவிடலாம். கிட்டே வர வரக் கால்தான் கீழே நீளும், தலை அந்தக் கோட்டை விடாது. இப்போது அவர் தாழ்வாக உட்கார்ந்திருக்கிறார். நிற்கிறவன் தலை கோட்டுக்கு மேலே போயிருக்க வேண்டும். பழக்க தோஷத்தில் கோட்டிலேயே மாட்டிவிட்டார். அப்படியானால் அங்கே நிற்பது, உட்கார்ந்த மனிதனின் உயரமே உள்ள, ஆனால் முழு ஆளின் வாட்டம் கொண்ட ஏதோ ஒன்று.

"குட்டிச்சாத்தனா சேட்டா?" என்று தாமஸ்குட்டி கேட்டான். இட்டூப்பு இருமல் வரும்வரை சிரித்தார்.

மறுநாள் விதிப்படி, இருப்பதை மட்டும் வரைவது என்று உட்கார்ந்தார். கோடு போட்டார். நிமிர்ந்து பார்த்தார். கல்கட்டின் பக்கத்தில், சரியாக அவர் கண்மட்டத்தில், ஏதோ இருந்தது.

பிளாஸ்டிக் கிழிந்து தொங்குகிறது என்று நினைத்தார். ஆனால் பிளாஸ்டிக் மரத்தில் இருக்கும். இது இரண்டு மரத்துக்கு நடுவில் இருந்தது. காற்றுக்கு மரங்கள் எல்லாம் ஆடின. இது ஆடவில்லை.

"எடீ, கல்கட்டுப் பக்கம் எவனாவது நிக்கிறானா பாரு."

அச்சாம்மா கையில் மீன் செதிலோடு வந்து, நின்றபடி பார்த்தாள். "இந்த மழைல எவன் வருவான்? ஒண்ணுமில்ல."

"கொஞ்சம் குனிஞ்சு, என் தலை ஒசரத்துல இருந்து பாரேன்."

"என் முட்டி மடங்கி எத்தனை வருஷமாச்சு. பள்ளிக் கோயில்ல முட்டி போடவே பாதிரி அச்சன் எனக்கு விலக்கு குடுத்திருக்காரு. உங்க குள்ளனுக்கா குனியப் போறேன்?"

இருப்பதை வரைய வேண்டும். வரைந்தார். ஒவ்வொரு நாளும் அது அங்கேயே இருந்தது, ஒவ்வொரு நாளும் வரைந்தார். மழையில் முளைத்த ஏதோ கட்டை என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டு, பழகியும்போனார்.

காஞ்ஞிரப்பள்ளியில் உறவுக்காரப் பெண்ணின் கல்யாண நிச்சயம் வந்தது. போகாமல் இருக்க முடியாது. பிரியாணி, பழைய கதைகள், வரும்போது மழை. அன்று வரையவில்லை.

மறுநாள் உட்கார்ந்து நிமிர்ந்தபோது கல்கட்டு வெறுமையாக இருந்தது. அப்பாடா என்று மூச்சு விட்டார். அந்த மூச்சு பாதியில் நின்றது. அது புகை அறைக்குப் பக்கத்தில் இருந்தது. தலை அதே கோட்டில்தான். கால் கீழே நீண்டிருந்தது. கையும் காலும் புகை போட்ட ஷீட்டின் நிறம். தலை இருந்த இடம் வெளுப்பு. வரையாத காகிதத்தின் வெளுப்பு.

வரைந்தார். பென்சில் முனை இரண்டு தரம் ஒடிந்தது. அன்று அது நகரவில்லை, மறுநாளும் நகரவில்லை. வரைந்த நாளில் நிற்கிறது. விட்ட நாளில் வருகிறது. கடைத்தெருவில் தானே அடித்த பீற்றல் இப்படி வந்து உட்காரும் என்று அவருக்கு யார் சொன்னார்கள்?

மாதம் ஒரு ஞாயிறு குழு ஒன்றுகூடும். அந்த முறை அவருக்காக அவர் வீட்டுக்கே வந்தார்கள், பள்ளிப் பூசை முடிந்து, குடைகளும் மடக்கு ஸ்டூல்களுமாக. ஆளுக்கொரு மூலையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார்கள். சிலர் சிட்டவுட்டின் கோடியில், சிலர் கார் ஷெட்டில், ஷைனி சமையல்கட்டின் பக்கவாசலில். எல்லாரும் தோட்டத்தை வரைந்தார்கள். முடிந்ததும் அவர்கள் வழக்கப்படி படங்களைச் சிமெண்டுத் தரையில் வரிசையாகப் பரப்பி, சுற்றி நின்று பார்த்தார்கள்.

எல்லாப் படத்திலும் அது இருந்தது.

"சேட்டனுக்கு ஒரு மரியாதைன்னு நானும் ஒரு குள்ளனைப் போட்டேன்" என்றான் தாமஸ்குட்டி. நானும், நானும் என்று சிரித்தார்கள். இட்டூப்பு சிரிக்கவில்லை. ஒவ்வொருவரும் வேறு வேறு மூலையிலிருந்து வரைந்திருந்தார்கள். ஒருவர் படத்தை ஒருவர் பார்க்கவில்லை. விளையாட்டுக்குப் போட்டிருந்தால் ஆளுக்கொரு மரத்தடியில் அல்லவா போட்டிருப்பார்கள்? ஒவ்வொரு மூலையிலிருந்தும் மனதுக்குள் ஒரு கயிற்றை இழுத்துப் பார்த்தார். எல்லாக் கயிறும் புகை அறையின் ஒரே ஓரத்தில் போய் முடிந்தது. அதே இடம். அவர் தினமும் வரைகிற இடம்.

ஷைனி அவர் காதோரம் குனிந்தாள். "நான் மரியாதைக்குப் போடல சேட்டா. அங்க ஒருத்தர் நின்னாரு. உங்க ரப்பர் பால் வெட்டுறவர்னு நெனச்சேன்."

கட்டன் காப்பியும் பலாச்சக்கை வறுவலும் கொண்டுவந்த அச்சாம்மா அதைக் கேட்டாள். "மழை தொடங்கினதுல இருந்து வெட்டுக்காரன் வரலையே மோளே."

ஷைனி நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தாள். தலையை ஆட்டிக்கொண்டாள். நின்று பார்க்கிறவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை.

"ஒருத்தர் கொட்டாவி விட்டா எல்லாருக்கும் வரும்" என்றாள் அச்சாம்மா. "வறுவலை எடுத்துக்கங்க, நமுத்துப்போகும்."

அவர்கள் போனார்கள். ஷைனி தன் படத்தை எடுத்துக்கொள்ளாமல் போனாள்.

இட்டூப்பு ஒரு தந்திரம் செய்து பார்த்தார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, முதுகைத் தோட்டத்துக்குக் காட்டி, சுவரில் தொங்கிய காலண்டரை வரைந்து அனுப்பினார். இதயங்கள் வந்தன. முதுகு முழுக்கக் குளிர்ந்தது. மறுநாள் அது முற்றத்துக் கிணற்றைத் தாண்டி இப்பக்கம் வந்திருந்தது. அதை வரையாத நாள், வரையாத நாள்தான்.

சிட்டவுட்டின் கம்பியைப் பிடித்து, நடுங்கி நடுங்கி எழுந்து நின்று பார்த்தார். நின்றால் தெரியாதே, ஷைனிக்குத் தெரியவில்லையே.

அதுவும் உயர்ந்தது.

எழ எழ, அதன் தலையும் அவர் கண்ணோடு கூடவே ஏறி வந்தது, கயிற்றில் கட்டி இழுத்த வாளியைப் போல. உட்கார்ந்தார். இறங்கியது. அவர் கண் எங்கேயோ, அதன் தலை அங்கே. மற்றவர்கள் அவர் மட்டத்துக்கு வந்தால்தான் பார்க்க முடியும். அவருக்கு எங்கே போனாலும் தப்ப வழியில்லை.

அதற்குப் பிறகு ஒரு நாளும் விடவில்லை. காய்ச்சலில் வரைந்தார். கரண்ட் போன மத்தியானத்தில், மின்னல் வெளிச்சத்தை நம்பி வரைந்தார். அது கிணற்றின் இப்பக்கம் நின்றது, அவர் காகிதத்தில் நின்றது, அவர் கண்ணை மூடினால் இமைக்குள்ளே நின்றது. நனைந்த காகிதத்தின் வாடை இப்போது வீட்டு வாசல்வரை வந்தது. கை என்னவோ அதிசயமாகத் தேறியது. கோடு கத்தி போல விழுந்தது. பாலம் வரைந்த காலத்தில்கூட இப்படி விழுந்ததில்லை. 'கை திரும்பிடுச்சு சேட்டா' என்று குழுவே கொண்டாடியது. எங்கேயோ கத்தாரில் இருக்கிறவனெல்லாம் இதயம் போட்டான்.

"பெங்களூருக்குப் போயிரலாம்டீ, மகன் வீட்டுக்கு" என்று அச்சாம்மாவிடம் கெஞ்சினார்.

"மாதா கண்ணைத் தொறந்து கையைக் குடுத்திருக்கா, இந்த நேரத்துலயா ஓடுறது?"

"அது எனக்காகத்தான் நிக்குது."

"நிக்கட்டும். மழை விட்டா காஞ்சு போகும்." அவள் அவர் வலது கையை எடுத்துத் தன் முந்தானையில் துடைத்தாள். அதில் ஒட்டியிருந்த பென்சில் கரியைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்தது.

ஒரு நாள் அசந்து தூங்கிவிட்டார். மாத்திரையின் மயக்கம். எழுந்தபோது அந்தி ஜெபம் முடிந்திருந்தது.

மறுநாள் மத்தியானம் நாற்காலிக்கு வந்தார். உட்கார்ந்தார். அது சிட்டவுட் படியின் அடியில் நின்றது. மழை அதன்மேல் விழுந்தது, சத்தமில்லாமல் விழுந்தது. பிளாஸ்டிக்கில் விழுந்தால் தட்டுகிற மழை, இலையில் விழுந்தால் சலசலக்கிற மழை, அதன்மேல் விழும்போது மட்டும் பஞ்சில் விழுவது போல அடங்கியது. பலகையை முழங்காலில் வைத்தார். காகிதம். பென்சில். கண்மட்டக் கோட்டைப் போட்டார்.

தலையை வரையப் போனார்.

விரலில் எறும்பு ஊர்ந்தது.

அந்த எறும்பை அவருக்குத் தெரியும். கை விழுந்த அன்றும் வந்த எறும்பு. மணிக்கட்டில் ஏறியது. தோளில் ஏறியது. பென்சில் விழுந்தது. உருண்டது. எடுக்கச் சொன்னார் கையிடம். கை கேட்கவில்லை. அச்சாம்மா என்று கூப்பிட்டார். வாயின் ஒரு பக்கம்தான் திறந்தது. சத்தம் எச்சிலாக வழிந்தது. நாற்காலி சாய்ந்தது.

கன்னத்தில் சிமெண்டுத் தரை. குளிர்ச்சி. புழுதி. ஒரு கண் தரையோடு தரையாக.

இப்போது கண்மட்டம் தரை.

அப்போதுதான் புரிந்தது. பார்க்கக் கூடாது. பார்த்தார்.

படியின் விளிம்பில் தலை மட்டும் இருந்தது. தரையில் வைத்த தேங்காய் மாதிரி. சாயவில்லை. நேராக நின்றது. மீதி உடம்பு சிமெண்டுக்குக் கீழே. வெள்ளத்தில் கழுத்துவரை முங்கி நடந்து வருகிற ஆளைப் போல.

தலை அசைந்தது.

ஓர் அங்குலம். சத்தமில்லை. இன்னும் ஓர் அங்குலம். நனைந்த காகித வாடை. முகம் இருக்க வேண்டிய இடம் வெறுமை. மூக்கில்லை. வாயில்லை. யாரோ பிறகு வரையலாம் என்று விட்டுவைத்த இடம்.

"ஐயோ, மனுஷா." அச்சாம்மாவின் குரல். கரண்டி விழுந்த சத்தம். கனத்த காலடி. அவர் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. மழையைப் பார்த்துக் கத்தினாள். மழைதான் கேட்டது.

முட்டியை மடக்கப் பார்த்தாள். எலும்பு முறிகிற சத்தம் மாதிரி ஒரு சத்தம். பல்லைக் கடித்து, கையை ஊன்றி, மெல்ல மெல்லச் சரிந்து, அவர் பக்கத்தில் தரையிலேயே படுத்தாள். அவருக்கு அடியில் கை கொடுக்கத்தான் படுத்தாள். அவள் கன்னமும் சிமெண்டில் பட்டது. வெங்காய வாசனையோடு அவள் மூச்சு அவர் முகத்தில் பட்டது.

"பயப்படாதீங்க. நான் இருக்கேன். என்னைப் பாருங்க."

அவர் அவளைப் பார்க்கவில்லை. அவர் பார்த்த திசையை அவள் பார்த்தாள்.

அவள் மூச்சு நின்றது.

பிறகு அவள் கை தரையைத் துழாவியது. பென்சிலைத் தேடியது. எடுத்தது. அவருடைய செத்த விரல்களைப் பிரித்து, பென்சிலை உள்ளே வைத்து, மறுபடி மூடி, மேலே தன் கையை வைத்து இறுக்கியது.

"வரைங்க" என்றாள். குரல் அவளுடையதாக இல்லை. "வரைங்க மனுஷா. எப்படிப் போடணும் சொல்லுங்க, நான் போடுறேன். எங்க தொடங்கணும்? தலையா? காலா?"

பென்சில் சிமெண்டில் ஒரு கோணல் கோட்டை இழுத்தது. வழுக்கியது. விழுந்தது.

அவர் கேட்க நினைத்ததை அவர் கண் கேட்டிருக்க வேண்டும். அவர் காதில் உதட்டை ஒட்டி, அதற்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல, அவள் சொன்னாள்.

"இருக்கு மனுஷா. நீங்க சொன்னது நெசம். ஆனா நிக்கல. வருது."